கத்தரிக்காய்ப் பெருநாள்

நடந்தவை இவை, நடந்த ஒழுங்கில்.

1. துருசு கிடைக்கவில்லை.
2. மச்சான் நூலைக் கழுவ வேண்டாம் என்றார்.
3. ஹஜ்ஜுப் பெருநாளும் வெள்ளிக்கிழமையும் ஒரே நாளில் வந்தன. மழையும் வந்தது.
4. பள்ளிவாசல் ஹவுழில் வுழுச் செய்யும் தண்ணீர் கத்தரிக்காய் நிறமானது.
5. ஊர் சிரித்தது.
6. மூன்றரை வருடம் கழித்து மச்சான் பாராளுமன்றத் தேர்தலில் நின்றார். ஊர் சிரிப்பை நிறுத்தியது.
7. என்னிடம் ஒரு கடிதம் கேட்டார்கள்.

எட்டாவதும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மாப்பிள்ளையைத்தான் மச்சான் என்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; கலியாணம் முடித்த ஆண் அங்கே வந்து சேர்வார். அப்படி எங்கள் வளவுக்கு வந்தவர் அவர். வந்த இரண்டாம் வருடம் வளவின் பின்பக்கம் தென்னோலைக் கொட்டில் போட்டு நூலுக்குச் சாயம் போடத் தொடங்கினார். சாயம் போட்ட நூல் தறி வீடுகளுக்குப் போகும், ஆண்கள் இடுப்பில் கட்டும் சாரனாகத் திரும்பி வரும், கல்முனைக் கடைகளுக்குப் போகும். உற்சாகமான மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கதையைத் தொடங்கிவிடுவார்.

கொட்டிலில் சாயம் போட்டவரை நாங்கள் காக்கா என்று கூப்பிட்டோம். எங்கள் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்த மாதங்களில், எந்த நூலுக்கு எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு, எத்தனை கழுவல் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் வேலையாகிவிட்டது. யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. எழுதி வைக்காத விஷயம் எனக்கு அந்தக் காலத்திலேயே நிம்மதி தராது.

அது தட்டுப்பாட்டுக் காலம். பாணுக்கு வரிசை, சவர்க்காரத்துக்கு வரிசை. கழுவினாலும் போகாத நல்ல சாயம் நாட்டுக்குள் வருவதில்லை. கிடைத்தது மலிவான சாயம் ஒன்றுதான். அந்தச் சாயம் நூலில் பிடித்து நிற்க வேண்டுமென்றால் கடைசியில் நீலத் துருசு கரைத்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும், பிறகு மிச்சச் சாயம் போகும்வரை இரண்டு தரம் கழுவ வேண்டும். பெருநாளைக்கு மூன்று கிழமை இருக்கும்போது துருசு முடிந்துவிட்டது.

கொட்டிலுக்கு வெளியே மாரி மழை. காக்கா சாயப் பானைக்குப் பக்கத்தில் நின்றார், இரண்டு கையும் முழங்கைவரை ஊதா.

"துருசு இல்லாமக் கழுவினா நிறம் ஓடிரும் மொதலாளி. வெளிறிப் போயிரும்."

"அப்ப கழுவாதீங்க."

"கழுவாட்டியும் ஓடும். பொறகு ஓடும்."

"பொறகு ஓடினா வாங்கினவன்ட காலில. இப்ப ஓடினா என்ட தலையில." மச்சான் சிரித்துக்கொண்டே மச்சினிச்சியான என் பக்கம் திரும்பினார். "எழுது மச்சி, கடைசிக் கழுவல் ரெண்டும் வேணாம்."

எழுதினேன். 'ஊதா நூல். துருசு இல்லை. கடைசிக் கழுவல் இரண்டும் வேண்டாம்.' பக்கத்தில், வழக்கம்போல, சொன்னவர் யார் என்பதையும் எழுதினேன்: 'மச்சான்.' அதில் குற்றம் சாட்டும் எண்ணம் எதுவும் இருக்கவில்லை. மேல் வரியில் காக்கா சொன்னதற்கு 'காக்கா' என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்த ஊதாச் சாரன் நன்றாக விற்றது. பஞ்ச காலத்தில் அவ்வளவு பளிச்சென்ற நிறத்தை ஊர் பார்த்து நாளாகியிருந்தது. பெருநாளன்று பாதி ஊர் அதைத்தான் கட்டியது.

பள்ளிவாசலுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. பெண்கள் வீட்டில் இருந்தோம். கேட்டுச் சேர்த்ததை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்தவர்கள் மழையில் நனைந்த சாரனோடு, முகம் கைகால் கழுவி வுழுச் செய்ய, ஹவுழ்த் தொட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். கூட்டம் நெருக்கியது. சாரன் ஓரங்கள் தண்ணீரில் தோய்ந்தன. தள்ளுப்பட்டு இரண்டு வாலிபர்கள் உள்ளேயே விழுந்தார்கள், இருவரும் ஊதாச் சாரன். அவர்களை இழுத்து எடுத்த பிறகும் வரிசை நிற்கவில்லை. பாங்கு சொல்லிவிட்டார்கள், குத்பாப் பிரசங்கம் தொடங்கப்போகிறது, எல்லோரும் அந்தத் தண்ணீரிலேயே வுழுச் செய்துகொண்டு உள்ளே போனார்கள்.

வாப்பா வீட்டுக்கு வந்தபோது முழங்காலுக்குக் கீழே ஊதா. உம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"என்ன இது, கத்தரித் தோட்டத்துக்குள்ள தொழுதுட்டு வாறீங்களா?"

"ஒண்ட மருமகன்ட வேலைதான். கேளு."

அன்று மச்சானும் சிரித்தார். பின்னேரமே ஆள் பிடித்து ஹவுழை இறைத்துத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார். கேட்டு வந்தவர்களுக்குச் சாரனை மாற்றியும் கொடுத்தார். ஊர் அந்தப் பெருநாளுக்குப் பெயர் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. பிறகு யாராவது குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டால், கத்தரிக்காய்ப் பெருநாளைக்கு அடுத்த மாதம் என்று சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னைக் கொழும்புக்குப் படிக்க அனுப்பச் சொன்னது மச்சான்தான். வாப்பாவுக்கு விருப்பம் இல்லை. "எங்கட குடும்பத்தில சாயம் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும் மாமா. இல்லாட்டி இன்னொரு பெருநாளைக்கும் இதே கூத்துத்தான்" என்று சொல்லிச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார். கொழும்பில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி இரண்டு வருடம் படித்தேன். திரும்பி வந்ததும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு சாய நிலையத்தில் வேலை கிடைத்தது. ராத்தாவின் வீட்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று வீடு கட்டவும் தொடங்கியிருந்தார்கள். அத்திவாரம் வாப்பா போட்டது. கல்லும் மரமும் மச்சான் கொண்டுவந்தவை. வீடு முடிந்தால்தான் எனக்கு மாப்பிள்ளை பேசலாம்.

சாய நிலையத்தில் நான் ஒருத்திதான் பெண். ஆண்கள் மரியாதையாக இருந்தார்கள். மரியாதை என்றால் நான் உள்ளே வந்ததும் கதையை நிறுத்திவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டைச் சோதனை மேசையின் ஓரத்தில் தனியே சாப்பிடுவேன். வீட்டுக்கு வந்தால் ராத்தாவின் சிநேகிதிகள், "படிச்ச புள்ள வந்திரிக்கி, பாத்துக் கதைங்க" என்று சிரிப்பார்கள். பகிடிதான். ஆனால் பகிடி முடிந்த பிறகும் யாரும் கதைக்க மாட்டார்கள். கட்டி முடியாத என் வீட்டுக்குள் போய்ச் சீமெந்துப் பையின் மேல் இருந்து எதையாவது பட்டியல் போடுவேன்: வர வேண்டிய யன்னல்கள், கதவுகள், கொக்கிகள்.

அந்த வருடம் தேர்தல் வந்தது. மச்சான் சுயேச்சையாக நின்றார். சின்னம் குடை. எங்கள் முற்றம் கடதாசிக் குடைகளால் நிறைந்தது. ராத்தா காலையில் வைத்த தேநீர்க் கேத்தலை அந்தி மஃரிபு வரைக்கும் இறக்கவில்லை. முதல் இரண்டு கிழமை எல்லாம் நன்றாகத்தான் போனது. மச்சானுக்குக் கதைக்க வரும். ஊர் அவரை விரும்பியது.

பிறகு சந்தியில் எதிர்ப்பக்கத்தார் கூட்டம் வைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கமுக மரத்தில் ஊதாச் சாரன் ஒன்றைக் கொடிபோல ஏற்றியிருந்தார்களாம். பேச்சு ஒலிபெருக்கியில் எங்கள் குசினி அடுப்படிவரை கேட்டது.

"தண்ணிக்குச் சாயம் போட்டவரு, நாட்டுக்கு என்ன போடுவாரு? சாரனக் குடுத்துக் காச எடுத்தாரு, சரி. எங்கட ஜும்ஆவ எங்க தருவாரு?"

மூன்றரை வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. சுத்தமான ஒரு பொருள் கலந்து தண்ணீரின் நிறம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. தண்ணீர் என்றே சொல்ல முடியாத அளவுக்கு மாறிவிட்டால் அதில் வுழு ஆகாது. வுழு இல்லையென்றால் தொழுகை இல்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அன்று சிரித்தோம். இப்போது மௌலவியிடம் போய்க் கேட்டார்கள். அவர் நிதானமான மனிதர். நிறம் எவ்வளவு மாறியது என்பது தனக்கு இப்போது நினைவில்லை, மனதில் சந்தேகம் உள்ளவர்கள் ஜும்ஆவுக்குப் பதிலாக அன்றைய மத்தியானத் தொழுகையான லுஹரை, தவறியதைப் பிறகு தொழும் களாவாகத் தொழுதுகொள்ளலாம் என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் சில வயதானவர்கள் எழுந்து தனித்தனியே அந்தக் களாவின் நான்கு ரக்அத் தொழுதார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் கூடினார்கள். யாரும் மச்சானைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தொழுதார்கள். எந்தக் கூட்டமும் அதற்கு ஈடாகாது. மச்சானின் ஆட்கள் முற்றத்துக்கு வருவது குறைந்தது.

ஒருநாள் பின்னேரம் வாப்பா உள்ளறையில் பாய் விரித்துத் தொழுவதைக் கண்டேன். அஸர் பள்ளியில் தொழுதுவிட்டு வந்தவர்; இது களா. ராத்தாவும் கண்டாள். கையில் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள், பிறகு திரும்பிப் போனாள். அது அவளுடைய வீடு. வேட்பாளருடைய வீடும் அதுதான்.

மறுநாள் காலை மச்சான் என்னிடம் வந்தார். நான் வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்றேன்.

"மச்சி, ஒரு கடிதம் வேணும். நீ படிச்ச ஆள், ஒண்ட சொல்லுக்கு மதிப்பு இரிக்கி."

"என்ன கடிதம் மச்சான்?"

"சாயம் நல்ல சாயம். போட்ட ஆள் முறை தெரியாமப் போட்டதாலதான் ஓடினது. அவ்வளவுதான், ரெண்டு வரி. மேடையில வாசிக்கணும்."

"போட்ட ஆள் காக்கா."

"பேர் எழுதத் தேவையில்ல."

"பேர் எழுதாட்டியும் ஊருக்குத் தெரியும். கொட்டில்ல இரிந்தது ஒரு ஆள்தானே."

அவர் முகத்தைத் துடைத்தார். பல நாள் தூக்கமில்லாத முகம். "அவருக்கு என்ன, அவர் வோட்டாக் கேக்கிறார்? தேர்தல்ல நான் வெண்டா அவரையும் பாப்பன்தானே. யோசிச்சு எழுது. வெள்ளிக்கிழமைதான் கடைசிக் கூட்டம்." போகும்போது என் வீட்டுப் பக்கம் பார்த்தார். "அடுத்த கிழமை யன்னல் நிலை வருது. ஆசாரிக்கிட்ட சொல்லிட்டன்."

மிரட்டுவதற்காக அவர் அதைச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அன்றும் நினைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் இருந்தபோது இரண்டும் என் மனதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன: கடிதம், யன்னல் நிலை.

அன்று இரவு வாப்பாவின் பழைய ஊதாச் சாரனில் ஒரு துண்டு வெட்டினேன். மறுநாள் சாய நிலையத்தில் அதோடு வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துச் சவர்க்காரத் தண்ணீரில் சூடாக்கினேன். நாங்கள் தினமும் செய்யும் சோதனை. மூன்றரை வருடம் கட்டித் துவைத்த சாரன், இன்னும் வெள்ளைத் துணியில் ஊதா இறக்கியது. சாயம் ஓடுகிறது என்பதை அந்தத் துணி சொல்லும். யாருடைய சொல்லால் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. அது கொப்பியில் இருந்தது.

வேலை முடிந்து, கொப்பியையும் எடுத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்த காக்காவின் வீட்டுக்குப் போனேன். மச்சானின் கொட்டில் மூடி ஒரு வருடமாகியிருந்தது. காக்கா இப்போது மருதமுனைப் பக்கத்துத் தறிக்காரர்கள் கொடுத்துவிடும் நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைத்தார். முற்றத்துக் கயிற்றில் பச்சை நூல் காய்ந்தது. அவருடைய பெண்சாதி என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இஞ்ச பாருங்க, படிச்ச புள்ள வந்திரிக்கி. ஒங்களுக்குத் தூக்குக் கயிறு கொண்டு வந்திரிக்கோ தெரியா."

"சும்மா இருகா." காக்கா வெளியே வந்தார். "இரிங்க புள்ள. எனக்கு விஷயம் தெரியும். மொதலாளி சொல்லி அனுப்பினாரு."

"என்ன சொன்னாரு?"

"கோவிக்க வேணாமாம். ரெண்டு கிழமையில எல்லாரும் மறந்திருவாங்களாம்."

"அவங்க மறப்பாங்க," என்றார் பெண்சாதி. "நூல் குடுக்கிறவன் மறப்பானா? பிழையாப் போடுற ஆளெண்டு மேடையில சொன்ன பொறகு எவன் நூல் தருவான்?"

காக்கா கயிற்றடிக்குப் போனார். பச்சை நூலைத் திருப்பிப் போட்டார். பிறகு மெதுவாக, "எழுதிக் குடுங்க புள்ள. பிழை என்னிலதான் இரிக்கும்" என்றார்.

"எப்படி உங்களில?"

"எனக்கு முழுசா ஞாபகம் இல்ல. துருசு முடிஞ்சது தெரியும். கழுவின நானா, கழுவாம விட்ட நானா எண்டு எத்தனையோ தரம் யோசிச்சிட்டன். ஒரு ஊர்ட ஜும்ஆ போச்சிது எண்டா யாரோ ஒராள் பிழை விட்டிரிக்கத்தானே வேணும். என்ட கைதானே பானைக்குள்ள இரிந்தது. நானும் களாத் தொழுதிட்டன். மத்தவங்கட தொழுகைய நான் என்ன செய்யிற?"

நான் கொப்பியைத் திறந்து வாசித்தேன். ஊதா நூல். துருசு இல்லை. காக்கா: கழுவாவிட்டாலும் ஓடும், பிறகு ஓடும். மச்சான்: கடைசிக் கழுவல் இரண்டும் வேண்டாம்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"நான் ஓடுமெண்டு சொல்லியிரிக்கன்."

"ஓம். சொல்லியிரிக்கீங்க."

"அப்ப நான் சொல்லியிரிக்கன்," என்றார் பெண்சாதியைப் பார்த்து. அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காக்கா என்னிடம் எதையும் கேட்கவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதன்பிறகு அவர் நூலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், பச்சைக்கு இப்போது கிடைக்கும் சாயம் பரவாயில்லை என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் மச்சான் கேட்டார். ராத்தாவும் பக்கத்தில் நின்றாள். நான் கொப்பியைக் காட்டினேன். அவர் வாசித்தார். அப்படி ஒரு கொப்பி இருப்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

"இத யாருக்காவது காட்டினியா?"

"காக்காவுக்கு வாசிச்சன்."

"அந்த நேரம் எல்லாரும் அப்படித்தான் மச்சி செஞ்ச. துருசு எங்க இரிந்தது?"

"அதையே சொல்லுங்க மச்சான். துருசு கிடைக்கல்ல, நான்தான் கழுவ வேணாமெண்டன், பிழை என்னில எண்டு சொல்லுங்க. அந்தக் கடிதம் வேணுமெண்டா இப்பவே எழுதித் தாறன். ஊர் சிரிச்சிட்டு விட்டிரும்."

"ஊர் சிரிச்சா வோட்டு விழாது."

"இவர்தானே ஒன்னப் படிக்க அனுப்பின?" என்றாள் ராத்தா. கத்தவில்லை. சும்மா ஒரு தகவலைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஓம்."

"ரெண்டு வரிதானே கேக்கிறாரு."

நான் எழுதவில்லை. என்ன காரணம் சொன்னேன் என்பது எனக்கு நினைவில் இல்லை.  கொப்பியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் போனேன். கதவு இல்லாத வீட்டில் கதவை மூட முடியாது. கிழக்குச் சுவரின் பக்கம் திரும்பி இருந்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் அஸருக்குப் பிறகு தொடங்கியது. ராத்தா குசினியில், நான் கிணற்றடியில், இரண்டு பேரும் ஒரே ஒலிபெருக்கியைக் கேட்டோம். மச்சான் வீதிக்குத் தார் போடுவது, ஆஸ்பத்திரிக்குக் கட்டில், வாய்க்கால் தண்ணீர் எல்லாம் சொன்னார். கை தட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சாரன் விஷயம். நான் மொதலாளி, பானைக்குள்ள கை வச்ச ஆள் நானில்ல. வேல செஞ்ச ஆள்ட..."

கூட்டத்திலிருந்து யாரோ பெரிய குரலில் கேட்டார். ஒலிபெருக்கியில் அதுவும் விழுந்தது. "ஒங்கட மச்சினிச்சி சாயம் படிச்சவதானே மொதலாளி! அவகிட்டக் கேட்டுச் சொல்லுங்க!"

சிரித்தார்கள். பகிடிக்குத்தான் கேட்டிருப்பான். மச்சான் உடனே பதில் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. காற்று மட்டும் இரைந்தது. நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டிருந்தேன். அது தண்ணீரைத் தொட்டதும் கேட்டது. அதன்பிறகு அவர், "சரி, அதை விடுவம், வாய்க்கால் விஷயத்துக்கு வாறன்" என்றார். 'வேல செஞ்ச ஆள்ட' என்று தொடங்கிய வசனத்தை முடிக்கவே இல்லை.

தோற்றார். சாரனால் தோற்றார் என்று சிலர், சுயேச்சை எப்படியும் தோற்பார் என்று சிலர். எனக்குத் தெரியாது, அளக்க வழி இல்லாத விஷயத்தில் நான் அபிப்பிராயம் வைப்பதில்லை. யன்னல் நிலை வரவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவும் இல்லை. ஆசாரி வரவில்லை, அவ்வளவுதான். வாப்பா இரண்டு தரம் கேட்கப் போனார். மூன்றாம் தரம் போகவில்லை.

அடுத்த வருடப் புயல் பழைய சாயக் கொட்டிலைக் கூரையோடு கொண்டுபோனது. என் சுவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பறப்பதற்குக் கூரை இருக்கவில்லை. நிந்தவூரிலிருந்து ஒரு தரம் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். தேநீர் குடித்தார்கள், சுவர்களைச் சுற்றிப் பார்த்தார்கள், எப்போது முடியும் என்று கேட்டார்கள். உம்மா இன்னொரு தரம் தேநீர் ஊற்றினார்.

மச்சான் இப்போது கல்முனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நன்றாக நடக்கிறது. என்னோடு கோபமாகக் கதைத்ததில்லை. பெருநாளைக்கு எனக்கும் உடுப்பு எடுக்கிறார். வெள்ளை அல்லது சாம்பல் நிறம். ராத்தா தேவையானதைக் கதைப்பாள்: சோறு ஆறுகிறது, மழை வருகிறது, கொடியில் துணி கிடக்கிறது. முன்பு அவள் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அதை அவளிடம் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

காக்காவுக்கு நூல் வருகிறது. மாதத்தில் ஒருநாள் அவருடைய பெண்சாதி சாயம் போட்ட நூலில் கொஞ்சம் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து சாய நிலைய வாசலில் தருவார். நான் வெள்ளைத் துணியோடு தைத்துச் சூடாக்கிப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று அதே கடதாசியில் எழுதிக் கொடுப்பேன். வீட்டில் அவருக்கு வாசித்துக் காட்ட இப்போது அவருடைய மகள் இருக்கிறாள்.

எட்டாவது இது. என் வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்தில் நிற்கிறது. நான் ராத்தாவின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். கொப்பி சாய நிலையத்தில் என் மேசை லாச்சியில் இருக்கிறது.